நாற்பதாவது படிக்கு மேலே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி என்று எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. நான் மேசன். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு சொல்ல வேண்டும், தரை மட்டமா என்று தண்ணீர்க் குழாய் சொல்ல வேண்டும், மற்றபடி சாமியே இறங்கி வந்து சொன்னாலும் இன்னொரு முறை அளந்து பார்ப்பேன். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் கிளிநொச்சியில் ஒரு கடைக்கட்டடத்தில் வெளிப்பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது சாரக்கட்டுப் பலகை சரிந்து மாடி உயரத்திலிருந்து விழுந்தேன். இடது முழங்கால் போய், பிறகு ஒருவாறு தேறிவிட்டது. பயம்தான் தேறவில்லை. மூன்றாவது ஏணிப்படியில் கால் வைத்தால் தொடை நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். இருபது வருட மேசன், சின்னப் பொடியன்களுக்குக் கீழே நின்று சாந்து குழைத்துக் கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? போன மார்கழி பிறப்பதற்கு முன்னர், கட்டட வேலைகளை எடுத்து நடத்துகிற எங்கள் கொந்தராத்துக்காரர் நேராகவே சொல்லிவிட்டார்.

"செல்வம், தை மாசம் மூண்டு மாடிக்கும் வெளிப்பூச்சுத் தொடங்குது. மேல ஏறுறதெண்டால் வாரும். இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கவேணும், குறை நினையாதையும்."

அந்த வாரம்தான் என் மனைவி கௌரியின் தம்பி தயா துணுக்காய்க்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். கிளிநொச்சியில் விளையாட்டு வாத்தியாராக இருக்கிறான், காலையில் ஓடுகிற ஒரு குழுவும் வைத்திருக்கிறான். அவர்களுக்குள் ஒரு போட்டியாம். முப்பது நாளில் இரண்டாயிரத்து நானூறு மீற்றர் உயரம் ஏறவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கூட்டினாலும் சரி. தன்னுடைய பழைய விளையாட்டு மணிக்கூட்டை என் கையில் கட்டிவிட்டான்.

"அத்தான், நீங்களும் சேருங்கோ. பயம் தெளியும்."

"எங்கட ஊரில ஏற என்னடா கிடக்கு? கறையான் புத்துக்கூட முழங்காலுக்குக் கீழதான்."

"குளக்கட்டு கிடக்குதெல்லோ!"

ஜி.பி.எஸ் ஆள் நிற்கிற இடத்தைச் சரியாகச் சொல்லும், உயரத்தில்தான் தடுமாறும் என்றான். இந்த மணிக்கூட்டின் விளிம்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது, அதற்குள்ளால் காற்றின் அழுத்தத்தைப் பார்த்து, அழுத்தம் குறையக் குறைய ஏறுகிறோம் என்று கணக்கெடுக்குமாம். நான் சும்மா நம்புவேனா? எங்கள் குளக்கட்டில் வயல் பக்கத்திலிருந்து மேலே போக நாற்பது சீமெந்துப் படிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். தண்ணீர்க் குழாய் பிடித்து அளந்தேன், சரியாக இருபது அடி. ஏறிப்போய்ப் பார்த்தால் மணிக்கூடு ஆறு மீற்றர் என்றது. அன்றைக்கே அதற்கு மரியாதை கொடுத்துவிட்டேன்.

நானூறு தரம் ஏறவேண்டும். முதல் நாள் இருபதாவது படியிலேயே தொடை நடுங்கியது, கையால் படியைப் பிடித்துத் தவழ்ந்துதான் போனேன். இருந்தாலும் விடவில்லை. விடியற்காலையில் பதின்மூன்று, பதினாலு தரம் என்று இருபத்துமூன்று நாளில் முந்நூற்றுப் பத்து முறை ஏறிவிட்டேன், எல்லாம் மணிக்கூட்டில் பதிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் மடவேலை பார்த்தேன். ஒரு வீட்டுக்குத் தரை பூசப் போனவன் மணிக்கூட்டைக் கழற்றவில்லை. அந்த ஊசி ஓட்டைக்குள் சீமெந்துப் பால் இறங்கி இறுகிவிட்டது. மறுநாள் பதின்மூன்று தரம் ஏறினேன், மணிக்கூடு பூச்சியம் என்றது.

விசயம் கேட்டு வந்த தயா விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், மூக்கைச் சீமெந்தால அடைச்சால் அது எப்பிடி மூச்சு விடும்?"

வெந்நீரில் ஊறவைத்தோம், அசையவில்லை. ஜி.பி.எஸ்ஸை மட்டும் பார்த்து உயரம் சொல்லும்படி மாற்றினான், வாசல் குந்தில் நான் இருந்து தேத்தண்ணி குடிக்கையில் அது பதினொரு மீற்றர் ஏறியது. பழையபடியே மாற்றிவிட்டு, "நான் நம்புறன், மற்றவையள் நம்பவேணுமே" என்றான். அப்படியென்றால் மேசன் கணக்கு வைப்போம் என்றேன். ஒவ்வொரு தரம் ஏறியதும் கட்டுக்கு மேலே ஒரு ஓட்டுத்துண்டை வைப்பது, பதியாத அந்தப் பதின்மூன்றை விட்டுத் தொண்ணூறு துண்டு சேரவேண்டும், கடைசி நாள் அவர்கள் வந்து எண்ணிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னர் மூன்று நாளாக மழை, வேலையும் இல்லை. அன்று மழை விட்டிருந்தது, நல்ல பனி. கை நீட்டினால் விரல் தெரியாத பனி என்று சும்மா சொல்வார்கள், அன்று நான் உண்மையாகவே பார்த்தேன். பதினைந்து தரம் பாக்கி, பதினாலு முடித்துவிட்டேன், கடைசித் துண்டில் தொண்ணூறு என்று பென்சிலால் எழுதி மடியில் வைத்திருந்தேன். ஏறத் தொடங்கினேன். படியை எண்ணுவது என் பழக்கம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. கட்டின் மண்ணில் கால் படவேண்டும். படியில்தான் பட்டது.

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. பிழையாக எண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஐம்பது வந்தது, எழுபது வந்தது, நூறு வந்தது. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், அதில் என் கால் பிழைவிடாது. நின்றிருக்கலாம், திரும்பியிருக்கலாம், ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முழங்கால் வலிக்கவே இல்லை. இருநூறுக்குக் கிட்ட, பஸ்ஸில் மலைநாட்டுக்குப் போகும்போது அடைப்பது போல இரண்டு காதும் அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறந்தது. எங்கோ ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. அது எனக்குக் கீழே கேட்டது.

முந்நூற்று நாற்பதாவது படியில் தட்டையான இடம் வந்தது. பனி எனக்குக் கீழே கிடந்தது. அதற்குள்ளால் பனை மரங்களின் தலைகள் கறுப்பாகத் தெரிந்தன. பனந்தலையை மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். விளிம்பில் நின்று நேராகக் கீழே பார்த்தேன், தொடை நடுங்கவில்லை, கை வேர்க்கவில்லை. சந்தோசத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக நின்று, பைத்தியக்காரன் மாதிரி. குனிந்து அந்தத் துண்டை வைத்தேன், கை பட்ட இடம் குளிர்ந்து வழுவழுப்பாக இருந்தது. பிறகு திரும்பி இறங்கினேன். இறங்கும்போதும் எண்ணினேன். நாற்பதாவது படி முடிய வயல் ஓரம் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன், கௌரியிடம்கூட வாய் திறக்கவில்லை. எட்டு மணிக்குத் தயாவும் குழுவில் ஏழு பேரும் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள். படியை அளந்தார்கள், சரி. துண்டுகளை எண்ணினார்கள், எண்பத்தொன்பது. மூன்று தரம் எண்ணினார்கள், எண்பத்தொன்பதுதான்.

"அத்தான், ஒண்டு குறையுது" என்று தயா மெல்லச் சொன்னான், அவனுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

"குறைஞ்சால் என்ன, நிரப்பிறதுதானே!" என்று கீழே இறங்கி, அங்கே கிடந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். படிகளைப் பிடிக்காமல், இரண்டு இரண்டாகத் தாவி, ஏழு பேரும் கை தட்ட, நாற்பதாவது படிக்கு மேலே நல்ல மண்ணில் கால் வைத்தேன். முதல் நாள் நான் தவழ்ந்து ஏறியதைப் பார்த்த கௌரி கீழே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு தயா, அத்தனை நாளும் என் கையில் சும்மா கட்டிக் கிடந்த மணிக்கூட்டைத் தன் போனில் இணைத்துப் பார்த்தான். ஒரு வாரமாக உயரக்கோடு படுத்தே கிடந்தது. அன்று விடியற்காலையில் மட்டும் ஒரே ஒரு ஏற்றம், ஐம்பத்திரண்டு மீற்றர். இறக்கம் ஆறு.

"சீமெந்து வெடிச்சு ஓட்டை கொஞ்சம் திறந்திருக்கும் அத்தான். கடலில தாழமுக்கம் எல்லோ, காத்தழுத்தம் குறைஞ்சதை ஏற்றம் எண்டு நினைச்சிருக்கும்."

படித்த பிள்ளை, சரியாகத்தான் சொல்லுவான். நான் ஓம் என்றேன். ஆனால் நீங்களே கணக்குப் பாருங்கள், முந்நூற்று நாற்பது படி, ஆறு அங்குலம், நூற்றெழுபது அடி. அது ஐம்பத்திரண்டு மீற்றர்தான்.

தை பிறந்து வேலை தொடங்கிய முதல் நாள் சாரக்கட்டில் மூன்றாம் மாடிவரை ஏறினேன். "டேய், செல்வண்ணை மேல நிக்கிறார்!" என்று பொடியன்கள் கத்தினார்கள். கொந்தராத்துக்காரர் அண்ணாந்து பார்த்து, "இறங்கி வந்து தேத்தண்ணியைக் குடியும்" என்றார்.

"மேல அனுப்புங்கோ!" என்றேன். அனுப்பினார். அந்தத் தேத்தண்ணியின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

இப்போது எந்த உயரத்துக்கும் நான்தான் முதலில் ஏறுகிறேன். சந்தோசம்தான், அதில் குறை இல்லை. ஒன்றே ஒன்றுதான் தயாவிடம் சொல்லவில்லை. அந்த ஞாயிறு காலை தேத்தண்ணியை நீட்டிய கௌரி என் கையைப் பார்த்துவிட்டு, "மூண்டு நாளா வேலை இல்லையெண்டு இருந்தீங்கள், இதென்ன கையெல்லாம் சீமெந்து?" என்று கேட்டாள். பார்த்தேன். வலது கையின் நாலு விரல் நுனியிலும் சீமெந்து, ஈரம் காயாமல் இளகி இருந்தது.

சீமெந்து அப்படி நெடுநேரம் இருக்காது, அது என் தொழில், எனக்குத் தெரியும். அன்று காலை எனக்குச் சற்று முன்னர்தான் யாரோ ஒருவர் அந்த உயரத்தில் தரை பூசிவிட்டுப் போயிருக்கிறார்.