அரிசிப் பையில் சிரிக்கும் முதலாளி

பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ரைஸ் மில்லை முதலாளியின் மகன் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். தன் அப்பாவின் முகத்தையும் சேர்த்தே விற்றிருக்கிறார் என்பது கடையில் அரிசிப் பையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பையில் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தவரை அவர் சிரித்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. கீழே ‘தலைமுறைகளின் பாசம்’ என்று போட்டிருந்தது.

என் அம்மா அந்த மில் களத்தில் அவித்த நெல்லை வெறுங்காலால் கிளறிக் காயவைத்தவள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் பெண்கள் கேட்டில் வரிசையாக நின்று மடியை உதறிக் காட்டவேண்டும். பாசமுள்ள முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

போன தை மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பழைய ஆட்களை வைத்து விளம்பரம் எடுக்கிறார்களாம்.

“ஐயாவைப் பத்தி மனசுல இருக்கறதைச் சொன்னா போதும்மா.”

“மனசுல இருக்கறதையா?” என்று கேட்டாள் அம்மா. “சரி, வர்றேன்.”

நான் தடுத்தும் கேட்கவில்லை. கூடவே போனேன்.

களத்தில் முதலாளியின் மகன் பட்டு வேட்டியில் நின்றிருந்தார். விற்றுவிட்டுப் போனவரையே வாரிசாக நடிக்கக் கூட்டி வந்திருந்தார்கள். நெல்லை அள்ளி முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். முகர்ந்து, தும்மினார். அந்தக் காலத்தில் அவர் மில்லுக்கு வந்ததெல்லாம் அப்பாவிடம் கார் சாவி வாங்கத்தான்.

அம்மாவின் முறை வந்தது. என் போனிலும் பதிவு செய்தேன்.

“தெனம் மடியை உதறச் சொல்லுவாரு. ஒருநாள் மாசமா இருந்த பொண்ணைப் பார்த்து, வயித்துல எவ்வளவு நெல்லைக் கட்டியிருக்கேன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு நான்தான். வயித்துல இருந்தது இவ.”

என்னைக் கைகாட்டினாள். அதுவரை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை.

“அப்பா அப்படியெல்லாம் பேசமாட்டாரே” என்றார் மகன்.

“நீங்க அப்ப ஊட்டியில படிச்சிக்கிட்டு இருந்தீங்க தம்பி.”

விளம்பரம் வந்தது. அம்மாவின் உதடுகள் அசைந்தன. குரல் வேறு யாருடையதோ: “ஐயா எங்களைப் பெத்த புள்ளையாட்டம் வச்சிருந்தாரு.” தேன் ஒழுகியது.

அம்மா இரண்டு முறை பார்த்தாள். “செத்தவரு மூஞ்சியை வச்சிப் பொழைக்கறானுவ, சரி. உசுரோட இருக்கறவ வாயையுமா?”

என் போனில் இருந்ததை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் மகன் கூப்பிட்டார்.

“எங்க குடும்ப மானம் போவுதுங்க.”

“அதை நீங்க மில்லோட சேர்த்து வித்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

போனை வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே விளம்பரம் காணாமல் போனது. நான் ஜெயித்துவிட்டதுபோல அம்மாவிடம் சொன்னேன்.

“எடுத்துட்டா ஆச்சா? நேர்ல வந்து, தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா அவனுங்களுக்கு?”

யாரும் வரவில்லை.