பிளேன்டீ நிறம்

சரியான பதில் சொல்வதென்றால் கலாராணிக்கு உயிர். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆனால் கொப்பியில் விழும் சிவப்புச் சரி அடையாளத்தின் ருசி நாற்பத்தாறு வயதிலும் அவளை விட்டுப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்த காலத்தில் யாரும் அவளைப் பார்த்து 'சரி' என்றதில்லை. நிறை குறைந்தால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதனால்தான் உக்குவளையில் பலீல் நானாவின் கத்திப் பட்டறை அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. 'நானா' என்றால் அண்ணன்; அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். முதலில் கத்திக்குப் பிடி போடச் சேர்ந்தாள், பிறகு சுத்தியல் பிடித்தாள். ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் நானா அவளைச் சூட்டுத் தகட்டுப் பக்கம் அழைத்தார். அடித்துக் கடினமாக்கிய கத்தி கண்ணாடி மாதிரி, பட்டென்று தெறித்துவிடும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சூடான தகட்டில் வைத்து மறுபடி லேசாகக் காய்ச்ச வேண்டும். அலகில் நிறம் ஓடும். முதலில் எலுமிச்சை மஞ்சள், அப்புறம் பால் விடாத பிளேன்டீயின் பழுப்பு, அதையும் தாண்டினால் கத்தரிக்காய் ஊதா. பிளேன்டீயில் எடுத்துத் தண்ணீரில் முக்கினால் அது கத்தி. எலுமிச்சையிலேயே எடுத்தால் தெறிக்கிற குணம் போகாது, கத்தரிக்காயானால் கூர் நிற்காத வெறும் தகரம்.

"என்ன நெறம் தங்கச்சி?" என்று குறட்டால் கத்தியைப் பிடித்தபடி நானா கேட்பார்.

முதல் தடவை இவள் யோசித்துக்கொண்டே நின்று, கடைசியில் "கத்தரிக்காய்" என்றாள். நானா திட்டவில்லை, ஒரு பெருமூச்சு விட்டார். கலாராணிக்கு அது போதும். அன்றிலிருந்து லேசாக மஞ்சள் தட்டியதுமே "பிளேன்டீ, நானா!" என்று முந்திக்கொள்வாள். அவரும் உடனே முக்கிவிடுவார். ஒரு நாளும் மறுத்ததில்லை. நூற்றுக்கு நூறு என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் மிதந்தாள் இந்தப் பெண்பிள்ளை.

அந்தப் பெருமையில், தானே அடித்த கத்தி ஒன்றை நாலந்தாவில் கட்டிக்கொடுத்த மகள் சிவரூபினிக்குக் கொடுத்தாள். போன புதன்கிழமை மருமகன் உதயராஜ் போன் செய்தான்.

"அத்தை, பலாக்கா வெட்டுறப்ப கத்தி ஒடஞ்சி தெறிச்சிருச்சி. புருவத்துக்கு மேல மூணு தையல் போட்டிருக்காங்க. கண்ணு தப்பிச்சதே பெரிய விசயம்."

கலாராணி ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் மகளின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். மறுநாள் காலை உடைந்த துண்டு இரண்டையும் கொண்டுபோய் நானாவின் முன்னால் போட்டாள்.

"ஒங்க இரும்ப நம்பி எம்மக கண்ணு போகப் பாத்துச்சி நானா!"

நானா உடைந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். தடவத் தடவ அவர் முகம் கறுத்தது.

"இரும்புல பிழையில்ல. வளையாம முறிஞ்சீக்கி. இது எலுமிச்சையில எடுத்தது. பிளேன்டீ எண்டு ஏன் சொன்னீங்க?"

"நீங்களுந்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க? தப்புன்னா சொல்லியிருக்கலாமே!"

"நான் எங்க பாத்தேன்?" என்றார் நானா. "சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறி ஏழு மாசம். வெளிச்சம் தெரியுது, நெறம் தெரியாது. கண்ணு இல்லாதவன்கிட்ட ஆரு கத்தி வாங்குவாங்க எண்டு ஒருத்தருக்கும் சொல்லல்ல. அதுக்குத்தானே ஒங்களக் கேட்டேன்."

பரீட்சை என்று கலாராணி நினைத்தது பரீட்சையே இல்லை. நிறம் தெரியாத மனிதர் கண் தெரிந்தவளிடம் கேட்டிருக்கிறார். அவள் பாராமலே சொல்லியிருக்கிறாள்.

"அப்ப வித்ததெல்லாம்?" என்றார் நானா. பிறகு அவரே, "மக்கீன்ட சாப்பாட்டுக் கடையில நாலு. மஸூதா ராத்தா வீட்டுல ரெண்டு, அங்க சின்னப் புள்ளைகள் ஈக்கிது..." என்று சொல்லிக்கொண்டே போய்ப் பாதியில் நிறுத்திவிட்டார்.

போனில் இலக்கங்களை அவள் அழுத்தினாள், பேசியது நானா. ஏழு மாதமாக மூடி வைத்ததை ஒவ்வொருவரிடமும் உடைத்தார்: "எனக்குக் கண் தெரியாது. அந்தக் கத்தியத் தொட வேணாம், திருப்பிக் கொண்டாங்க." இவள் செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை.

மத்தியானம் முதல் கத்தி திரும்பி வந்தது. மறுபடி காய்ச்சிச் சரியான நிறத்தில் எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார் நானா. தேய்த்துத் தகட்டில் வைத்துக் குறட்டால் பிடித்துக்கொண்டார்.

"என்ன நெறம் தங்கச்சி?"

பழக்கதோஷத்தில் பதில் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கலாராணி அதை விழுங்கினாள். குனிந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். மஞ்சள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் இல்ல, நானா."

அந்த ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து 'இல்ல' என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.