அளவுப் புத்தகத்தில் நின்ற கையெழுத்து

சிட்னியின் மேற்கே ஒரு பழைய கல்லறைத் தோட்டம். பிற்பகல் இரண்டு நாற்பது. எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர் என் முன்னே கருங்கல்லில் இருக்கிறது. பிறந்த தேதி, பிறந்த ஊர், எல்லாம் பொருந்துகின்றன. இறந்தபோது வயது மட்டும் எண்பத்தொன்று.

அவர் வாழ்க்கையை எழுதியவன் நான். பாலம் முடியும் முன்பே, நாற்பத்து மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தார் என்று எழுதினேன். முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்து திடீரென்று நின்றுபோகிறது. அந்த நாளையே இறந்த நாளாக்கிவிட்டேன். ஊரார் வருடந்தோறும் அந்த நாளில் பாலத்துக்கு மாலை போடுகிறார்கள். இன்று நினைவுக் கல்லில் அதைச் செதுக்கப்போகிறார்கள்.

இங்கே புல் வெட்டும் தர்மினி யாழ்ப்பாணத்துக்காரர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நான் சொல்வதையெல்லாம் கேட்கிறார்.

"ஏன் அங்கிள் மனுசனை நாப்பத்து மூண்டிலயே சாகடிச்சனீங்கள்?"

"அதுக்கப்புறம் கையெழுத்தே இல்லையேம்மா."

"போன கிழமை நானும் வேலை நேரம் எழுதுற ரைம்ஷீற்றில சைன் வைக்க மறந்தனான். எனக்கும் இஞ்ச ஒரு கல் இருக்கோ, பாருங்கோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் கல் செதுக்குபவரைக் கைப்பேசியில் அழைக்கிறேன்.

"தேதியைச் செதுக்காதீங்க."

"ஏன் சார், எழுத்துப் பிழையா?"

கல்லறையைப் பார்த்தபடியே சொல்கிறேன்:

"இல்லப்பா. அவர் சாகல."