டாக்டர் நம்மளையே கேக்குறாங்க

பெட்டி வாங்கியாச்சு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில, நீலக் கலர், நாலு சக்கரம். ஹால்ல அதை ஒத்தை விரலால தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருக்கேன். இங்கிலாந்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் வேலை. வர்ற செவ்வாய்க்கிழமை ஃப்ளைட். சந்தோஷத்துல எனக்குச் சோறே இறங்கலை.

இந்தப் பெட்டி போன வருஷமே வந்திருக்க வேண்டியது. அங்க வேலை பாக்கணும்னா செய்முறைப் பரீட்சை ஒண்ணு பாஸ் பண்ணணும். நோயாளி மாதிரி நடிக்கிறவங்க வந்து உக்காருவாங்க, ஆளுக்கு எட்டு நிமிஷம். நோயும் மருந்தும் சரியாச் சொல்லியும் நான் ஃபெயில். நோயாளி பேசுறதைக் கேக்கவே இல்லைன்னு ரிசல்ட்ல எழுதியிருந்தாங்க. எனக்கு வந்ததே ஒரு கோபம்! வல்லம் வடகால் ஃபேக்டரிங்கள்ல ஷிஃப்ட் விடுற நேரத்துக்கு எங்க கிளினிக்குக்கு வந்து பாருங்கடா, கம்பெனி பஸ் கிளம்புறதுக்குள்ள வெளிய நிக்கிற அத்தனை பேரையும் பாக்கணும், இதுல எங்கேர்ந்து கேக்குறதுன்னு வீடே அதிரக் கத்தினேன். கத்தி ஓஞ்சப்புறம் யோசிச்சா, அவங்க சொன்னது நிஜம்தான். நான் யாரையும் ஒரு பேச்சு முழுசா முடிக்க விட்டதே கிடையாது.

இன்னொரு தடவை எழுதிப் பாரு, அதுவும் இல்லேன்னா இந்த ஆசையை விட்டுடுன்னு அப்பா சொல்லிட்டார். அதனால கிளினிக்லயே பழகிக்கலாம்னு முடிவு பண்ணேன். பரீட்சையில நோயாளிகிட்ட கட்டாயம் கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. இது எதனால வந்திருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க? இதுல உங்களுக்கு என்ன பயம்? இதை வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல மாட்டினவர் கம்பெனியில சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுறவர். இடுப்பு வலி. என்னை ஏற இறங்கப் பாத்தார். "அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு மேடம் டோக்கன் போட்டுகினு ஒக்காந்துகினு இருக்கப் போறேன்?"

நாலே நாள்ல டீக்கடை வரைக்கும் பேச்சு போயிடுச்சு. ரெண்டு வருஷமா நல்லாத்தான் பாத்தாங்க, பாவம், இப்ப எல்லாம் மறந்துபோச்சு போல, டாக்டர் நம்மளையே கேக்குறாங்கன்னு. சிஸ்டர்தான் வந்து சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொன்னாங்க. கூட்டம் எதிர் கிளினிக்குக்கு நகர்ந்துடுச்சு. அங்க கேள்வி கிடையாது, ஊசிதான். இருந்தாலும் நான் விடலை. வீம்புன்னா வீம்பு.

அந்த வாரம்தான் அந்தப் பொண்ணு வந்தா. பக்கத்து ஊர்தான், பார்ட்ஸ் பொருத்துற லைன்ல நிக்கிறவ. மூணாவது தடவையா நீர்க்கடுப்பு. முன்ன ரெண்டு தடவையும் அரை நிமிஷத்துல மாத்திரை எழுதி அனுப்பினது சாட்சாத் நான்தான். முதல் கேள்வியைக் கேட்டேன். தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.

"தண்ணியே குடிக்கிறதில்ல மேடம். குடிச்சா பாத்ரூம் போவணும். போனா லைன்ல மாத்தி வுட ஆளு இல்ல."

எனக்கு என் மேலயே ஆத்திரம் வந்துச்சு. காரணம் அவளுக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரிஞ்சிருக்கு. கேக்கத்தான் நாதி இல்லை. ரெண்டாவது கேள்விக்கு, கிட்னி போயிடுமோன்னு பயமா இருக்குன்னு மெதுவாச் சொன்னா. டெஸ்ட் எடுத்தோம், கிட்னிக்கு ஒண்ணும் இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இவளைப் பாத்ரூம் விடணும்னு சூப்பர்வைசருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் லைன்லேர்ந்து அஞ்சு பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. அஞ்சு பேருக்கும் அதே கடுப்பு, அதே லெட்டர். அப்புறம் கூட்டம் தானா திரும்புச்சு.

பரீட்சையில நெஞ்சுவலின்னு நடிச்ச ஒருத்தர்கிட்ட அதே ரெண்டு கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு எங்க அம்மாவைக் கேளுங்க. பாஸ்! ரிசல்ட் வந்தப்ப நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க பயந்து ஓடி வந்துட்டாங்க.

நேத்து கிளினிக்ல கடைசி நாள். அந்தப் பொண்ணு ஷிஃப்ட் முடிச்சு யூனிஃபார்மோடயே வந்தா. கையில ஒரு ஸ்டீல் வாட்டர் பாட்டில், எனக்குத்தான். அங்கயும் வேலை வேலைன்னு தண்ணி குடிக்காம கெடக்காதீங்கன்னு புத்தி வேற. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்துட்டா.

"எல்லாரையும் கேக்குறீங்களே மேடம், உங்களுக்கு இன்னா பயம்?"

சிரிச்சு மழுப்பப் பாத்தேன். அவ விடலை. பேசாம காத்துக்கிட்டு இருந்தா. கடைசியில சொல்லிட்டேன், வீட்டுல கூடச் சொல்லாததை. அங்க இருக்கறவங்க என்னை ஒரு டாக்டர்னு நம்புவாங்களான்னுதான் பயம்.

"நாங்க மட்டும் நம்புனோமா?"ன்னு கேட்டா. "அன்னிக்கு, மூணாவது தடவை கடுப்பு வந்தப்ப, நானே எதிர் கிளினிக்குக்குத்தான் போனேன். அங்க கூட்டமா இருந்துச்சு, அதான் இங்க வந்தேன். வந்தப்புறம் உங்களை வுட்டோமா?"

அடிப்பாவி! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். செவ்வாய்க்கிழமை இன்னைக்கே வந்துடக் கூடாதான்னு இருக்கு எனக்கு.