பாடம் இலவசம், ஆசிரியை சுமார்

ஆளில்லாத அறையில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்திருப்பதுதான் இணையத்தில் பாடம் நடத்துகிறவருக்கு முதல் தகுதி. அறிவியல், சமூகம், வரலாறு, சுற்றுச்சூழல் என்று கிடைத்ததையெல்லாம் தமிழில் பாடமாக்கி இலவசமாகப் போடும் ஒரு சின்னக் குழுவில், முகமும் குரலும் நான். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். சுவரோடு பேசிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

இனிமையான நடை

எங்கள் ஊர் மலைக்கோட்டை பற்றி ஒரு வரலாற்றுப் பாடம். ஜன்னலைத் திறந்தாலே மலை தெரிவதால், ஏறிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலு புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "உச்சிக்குச் செல்வது ஓர் இனிமையான நடை" என்று கொஞ்சலாகப் பேசி முடித்தேன்.

மறுவாரம் டவுன் பஸ்ஸில், "சின்னாளப்பட்டி ஒண்ணு" என்றேன். கண்டக்டர் சட்டென்று திரும்பினார். "அக்கா, கோட்டைப் பாடம் நீங்கதானே?" எனக்குப் பெருமை தாங்கவில்லை, பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்படி தலையாட்டினேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி சொன்னார்: "நீங்க ஒரு தடவகூட ஏறுனதில்லைல்லக்கா? ஏறுனவுக யாரும் அதை நடைன்னு சொல்லமாட்டாக."

ஒண்ணரை மடங்கு

பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ராஜாமணியம்மா எங்கள் பாடங்கள் அத்தனையும் முடித்தவர். கல்யாண மாலைக்குப் பூ வாங்கப் போனபோது அடையாளம் கண்டு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பெண்களின் உழைப்பு பற்றி நான் உருகி உருகிப் பேசிய பாடத்தைச் சொல்லப்போகிறார் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவரோ பூவை அளந்தபடி கேட்டார்: "நேர்லயும் இம்புட்டு மெதுவாத்தான் பேசுவீகளா? போன்ல ஒண்ணரை மடங்கு ஸ்பீடு வச்சாத்தாம்மா நீங்க மனுசி மாதிரி பேசுறீக."

பாட்டில்

வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் மழையளவு பார்ப்பது எப்படி என்று ஒரு செய்முறை போட்டேன். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கும் சவரிமுத்து அண்ணன் அதை அப்படியே செய்து, தினமும் காலையில் அளவு அனுப்புவார். சைபர். மறுநாளும் சைபர். நான் விடாமல் "அருமை! தொடர்ந்து பதிவு செய்யுங்கள்!" என்று பதில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது: "கடலை காஞ்சு போச்சும்மா. அருமைன்னு போடுறத மட்டும் இனிமே நிறுத்திக்கிறீகளா?"

வணக்கம்

பாம்புகள் பற்றிய பாடத்தை மட்டும் நான் சிரத்தையாகச் செய்ததாக நினைத்திருந்தேன். இசை, தலைப்பு, வரவேற்புரை எல்லாம் உண்டு. பத்து நாள் கழித்து, வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து பாண்டீஸ்வரி என்ற பெண் போனில் கூப்பிட்டார். தோட்டத்தில் அவர் கணவரைப் பாம்பு கடித்திருக்கிறது. கூடியவர்களில் ஒருவர் கயிற்றால் இறுக்கிக் கட்டப்போக, இன்னொருவர் பிளேடால் கீறப்போனார். இரண்டும் கூடாது, அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் பாடத்தில் கேட்டது பாண்டீஸ்வரிக்கு நினைவிருந்தது. சொன்னார், யாரும் நம்பவில்லை. உடனே போனில் பாடத்தைப் போட்டு எல்லோர் முன்னாலும் நீட்டியிருக்கிறார்.

"புல்லாங்குழல் ஓடுது. மனுசன் கீழ கெடக்காரு. நீங்க, 'வணக்கம், பாம்புகளின் அற்புத உலகுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன்'னு சிரிக்கிறீக. நான் தள்ளித் தள்ளிப் பாக்குறேன், வரவேற்பு முடியவே மாட்டேங்குது."

"இப்போ எப்படி இருக்கார்?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"வீட்டுக்கு வந்துட்டாரு. கட்டக் கூடாது, கீறக் கூடாதுன்னு நீங்க சொல்ற எடம் வந்ததும் அம்புட்டுப் பேரும் கைய எடுத்துட்டாக. வண்டியில ஏத்திட்டோம்."

வரவேற்புரையை இன்றைக்கே வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"வெட்ட வேண்டாம், கடைசில வச்சுக்கங்க. பொழச்சுக் கெடந்தா நாங்களும் கும்பிட்டுக்கிறோம்."

இப்போதெல்லாம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ஆசிரியை என்று சொல்ல வாய் வராமல், "நெட்ல சும்மா பேசுறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.