இரைச்சலை எடுத்துவிட்டார்கள்

பொன்னேரியில் பஸ் ஏறிய பிறகு நடந்ததை இங்கேதான் சொல்ல முடியும்.

நாங்கள் மூன்று பேர் ஒரு காலத்தில் இரைச்சல் ராக் வாசித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஏரியில் மீன் பிடிக்கும் என் அப்பா, நைனாவின் படகில் அவர் வலை போடும்போதே உட்கார்ந்து மட்டமான போனில் பதிவு செய்வோம். காற்று, எஞ்சின், எதையும் நீக்கக் கூடாது. அந்த இசைக்கு இருந்த ஒரே விதி அதுதான். ஊருக்கு ஊர் இப்படிக் குழுக்கள் முளைத்தன. பிறகு அந்த இரைச்சலே ஆப்பில் ஒரு பட்டனாக வந்தது. எல்லாம் படுத்துவிட்டது.

இன்று பழைய ரசிகர் ஒருவர் எங்கள் பாட்டிலிருந்து இரைச்சலை நீக்கி அனுப்பியிருந்தார். பஸ்ஸிலேயே போட்டேன். ஹெட்போன் இணையாமல் ஸ்பீக்கரில் அலறியது.

கிட்டாருக்குப் பின்னால், கணீரென்று என் நைனா: "டேய், இன்னிக்கு அவங்க பாடு. அவங்க வர்றதுக்குள்ள வலைய இழு!"

ஏரியில் எந்த ஊர் என்றைக்கு வலை போடலாம் என்ற முறைக்குத்தான் பாடு என்று பெயர். மீறினால் பஞ்சாயத்து.

என் பக்கத்து சீட்டில் அடுத்த குப்பத்து சேகர் அண்ணன்.

"இது உங்க நைனா குரலாச்சே?"

"பழைய பாட்டுண்ணே."

"பாட்ட வுடு. அவங்கன்னா யாரு?"

"தெரிலண்ணே."

இறங்கும்போது தோளைத் தட்டினார். "சூப்பரா கீது. எனக்கு அனுப்பு, எங்க ஊர் குரூப்ல போடுறேன்."

நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் கண்ணில் படாதபடிதான் இந்த போஸ்ட்டைப் போடுகிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்: எடுத்த இரைச்சலைத் திரும்பப் போட, அந்தப் பட்டன் இருந்த ஆப் இன்னும் கிடைக்கிறதா?