நாலு லட்சம் மைலும் ஒரு அக்காவும்

என் தம்பி பேக்கிங் மெஷின் ரிப்பேர் செய்பவன். பிஸ்கட், சோப்பு, மாத்திரை என்று எதையாவது உறையில் போட்டு ஒட்டுகிற மெஷின் எந்த நாட்டில் நின்றுபோனாலும் கம்பெனி அவனைத்தான் விமானத்தில் ஏற்றி அனுப்பும். கம்பெனியில் அவனுக்கு ‘ஸ்பேனர்’ என்று பட்டப்பெயர். நான் எட்டாவதோடு நின்றவள். ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. பட்டனையும் தையலையும் பார்த்துப் பார்த்து, எதையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அவன் பறந்த நூற்று முப்பத்தேழு பயணங்களையும் தேதி, ஊர், மைல் என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். டிக்கெட் கம்பெனி காசு. பறக்கிற தூரத்துக்கு விமான கம்பெனி தருகிற மைல் மட்டும் அவன் பெயரில் சேரும்; சேர்ந்த மைலைக் கொடுத்து இலவசமாக டிக்கெட் எடுக்கலாம். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல் சேர்ந்திருந்தது. செக்கிங் டேபிளில் இதைச் சொல்லாத நாள் கிடையாது. “உன் தம்பி நிலாவுக்கே போயிட்டு வந்திருப்பான்போல” என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

தம்பியின் கம்பெனியை மூடினார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தான். அவன் மனைவி வெளிநாட்டில் நர்ஸ். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்து, அவள் லீவில் ஊருக்கு வந்துபோனபோது மூன்றாவதாகத் தங்கிய கரு. எட்டாம் மாதத்தில் ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதால், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அங்கே அவளுக்கு வேறு யாரும் இல்லை.

தம்பி மைலைக் கொடுத்து தனக்கு ஒரு டிக்கெட் எடுத்தான். மைல் டிக்கெட்டுக்குப் புதன்கிழமை விமானத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. மிச்ச மைலில் வேறு ஒரு பயணிக்கு டிக்கெட் எடுத்து விற்று, அந்தக் காசில் ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்டலாம் என்று ஒரு டிராவல்ஸ்காரர் யோசனை சொன்னார். சட்டப்படி சரியா என்று தம்பி கேட்டான்.

“அண்ணே, திருட்டா இது? உங்க மைல், நீங்க கொடுக்குறீங்க. சொந்தக்காரங்களுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுக்கலாம்னு அவங்களே போட்டிருக்காங்க. சொந்தம்னு ஒரு டிக் அடிங்க, முடிஞ்சது.”

விதிகள் நாற்பது பக்கம் இருந்தன. ஒரு பட்டனை எடுத்துக்கொண்டாலே நான் மூன்று முறை புரட்டிப் பார்ப்பவள். அன்றைக்கு அந்த நாற்பது பக்கத்தை நானும் புரட்டவில்லை. ‘குடும்பம்’ என்ற இடத்தில் அவன் டிக் அடித்தான். பணம் வந்தது, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். விமான கம்பெனியிலிருந்து போன். கைவேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். கவுன்ட்டரில் நிற்கிற ஒரு பெண் அவன் கணக்கிலிருந்து எடுத்த டிக்கெட்டோடு வந்திருக்கிறார், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள்.

தம்பி அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. பெயர்கூட நினைவில் இல்லை. ‘அந்த அக்கா திங்கட்கிழமை கிளம்புறாங்க’ என்று டிராவல்ஸ்காரர் சொன்னது மட்டும் காதில் இருந்தது.

“எங்க அக்கா” என்றான்.

“கூடப் பிறந்தவங்களா சார்?”

“ஆமா.”

போனில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“அவங்க உங்கள அண்ணன்னு சொல்றாங்களே சார். பாஸ்போர்ட்ல அவங்களுக்கு ஐம்பத்தொண்ணு, உங்களுக்கு முப்பத்தெட்டு. உங்க ரெண்டு பேர்ல யாரு சார் மூத்தவங்க?”

டிராவல்ஸ்காரருக்கு எல்லாரும் அண்ணன், எல்லாரும் அக்கா. அந்தப் பெண்ணிடம் ‘அண்ணன் கணக்குலேர்ந்துதான் டிக்கெட்’ என்று சொல்லியிருக்கிறார். மரியாதைக்குச் சொன்னதையே அந்தப் பெண்ணும் கவுன்ட்டரில் உறவாகச் சொல்லிவிட்டார், இவனும் போனில் சொல்லிவிட்டான். அவனுக்கு இருக்கிற ஒரே அக்காவான நான் பக்கத்தில் மடித்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மத்தியானம் மெயில் வந்தது. கணக்கு முடக்கப்பட்டது, அதிலிருந்து எடுத்த எல்லா டிக்கெட்டும் ரத்து. எல்லா டிக்கெட்டும் என்றால் அவனுடைய புதன்கிழமை டிக்கெட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக அவர்கள் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி அம்மா கடுமையாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இதற்காக யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டார்கள், போலீஸுக்கும் கொடுக்கப்போவதில்லை என்றார். “ஆனா மைல் உங்க சொத்து இல்ல சார். நாங்க கொடுக்குற சலுகை. சொந்தக்காரங்களுக்குச் சும்மா கொடுக்கலாம், விக்கக் கூடாது. வித்தா மொத்தத்தையும் எடுத்துக்குவோம்னு நீங்க ஒத்துக்கிட்ட விதியிலயே இருக்கு.”

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். நூற்று முப்பத்தேழு பயணம், ஒவ்வொன்றும் அவன் உழைத்துப் போனது என்றேன். அந்த அம்மா நாலைந்து பக்கம் நிதானமாகப் புரட்டினார். எங்களிடம்கூட இவ்வளவு தெளிவாக இல்லை என்றார். பிறகு மனு எழுதச் சொன்னார். பரிசீலிக்க ஏழு வேலை நாள் ஆகுமாம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள்கூட முழுதாக இல்லை.

வெளியே வந்ததும் டிராவல்ஸ்காரருக்கு அடித்தோம். போன் அணைந்திருந்தது. மறுநாள் விமானத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் கேட்டால், என் ஆறு மாதச் சம்பளத்தைச் சொன்னார்கள். அதற்குள் கவுன்ட்டரில் மாட்டிக்கொண்ட அந்தப் பெண்ணே எங்கிருந்தோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். மகள் கல்யாணத்துக்குக் கிளம்பியவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம்.

“அண்ணே, நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?”

“நீங்க தப்பா சொல்லலக்கா” என்றான்.

இரண்டு நாளில் அவன் கடன் கேட்காத ஆள் இல்லை. பழைய கம்பெனியில் அவனோடு இருந்தவர்களுக்கும் எட்டு மாதமாகச் சம்பளம் இல்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் அறைக்குள் போகும் முன் அவன் மனைவி கூப்பிட்டாள். “நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க, ஸ்பேனர் வச்சு முடுக்கவா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. “பயமா இருக்குங்க” என்றாள். யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள். தம்பி பூட்டிய பெட்டிமேல் உட்கார்ந்து, அணைந்துபோன போனைக் காதிலிருந்து எடுக்காமலே மூன்று மணி நேரம் இருந்தான். நானும் எழுந்து போகச் சொல்லவில்லை.

பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தது. எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஒன்பது நாள் அதையேதான் சொன்னார்கள். அந்த ஒன்பது நாளும் குழந்தைக்குப் பக்கத்தில் நின்றது நடக்கவே முடியாமல் இருந்த தாய் மட்டும்தான். மனுவுக்கும் பதில் வந்தது: கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது.

பன்னிரண்டாம் நாள், பழைய கம்பெனி ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில், இரண்டு இடத்தில் விமானம் மாறி அவன் போய்ச் சேர்ந்தான். இந்தப் பயணத்தை நோட்டில் நூற்று முப்பத்தெட்டாவதாக எழுதினேன். மைல் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

போய்ச் சேர்ந்த அன்றே கூப்பிட்டான். குழந்தை தானாகவே மூச்சு விடுகிறது, மூக்கு அக்காவுடையது மாதிரியே இருக்கிறது என்றான்.

“அக்கா, குழந்தைங்க வார்டு வாசல்லயும் கேட்டாங்கக்கா, நீங்க என்ன உறவுன்னு. எனக்கு வார்த்தையே வரல. தப்பா சொல்லிடுவேனோன்னு அப்படியே நின்னுட்டேன். அப்பான்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆச்சு.”